வாடகை பாக்கியும் ஒரு முட்டையும்

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். சர்க்கரைப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கீங்க, கண்ணு சொக்குற நேரம். வாழ்த்து, வரவேற்பு எல்லாம் எனக்கு முன்னாடி பேசுனவங்க சொல்லிட்டாங்க. நான் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'அரசியல் பேசிய ஹிப்ஹாப், இன்றைய வெகுஜன இசைக்கு விட்டுச் சென்றது கலகக் குரலா, கல்லாப் பெட்டியா?' நான் கலகக் குரல் அணி. இதுக்காக நேத்து ராத்திரி வரைக்கும் உக்காந்து குறிப்பு எழுதினேன். வருஷம், பேரு, பாட்டு, விருது எல்லாம் வரிசையா இருக்கு. ஆனா அந்தக் குறிப்பை மடிச்சு நாற்காலியிலயே வச்சுட்டு வந்துட்டேன். காரணம், எதிரணித் தலைவர் அண்ணன் இப்ப சொல்லிட்டுப் போன ஒரு வாக்கியம்.

என்ன சொன்னாரு? "ஊரெல்லாம் கடன், வீட்டுக்கு வாடகை பாக்கி. இப்படி ஒருத்தன் கையில மைக்கைக் குடுத்தா அவன் புலம்புற புலம்பலுக்குப் பேருதான் ராப்!" நீங்களும் கை தட்டுனீங்க. பின்வரிசையில இருந்து விசில் கூட வந்துச்சு.

அண்ணே, அந்தக் கைத்தட்டலை நீங்க வச்சுக்கங்க. அந்த வாடகை பாக்கியை மட்டும் என்கிட்ட குடுங்க. எனக்கு அது போதும்.

இந்த அரங்கத்துல ஒரு கேள்வி. நியூஜெர்சியில இருந்து ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனவங்க எத்தனை பேரு? கை தூக்குங்க. பாருங்க, நடுவர் ஐயாவே தூக்குறாரு. ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் தாண்டி, நியூயார்க்ல பிராங்க்ஸ் பகுதியைக் குறுக்கா வெட்டிப் போற கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில வண்டி நகராம உக்காந்திருந்தவங்க எத்தனை பேரு? யாரும் கையை இறக்கவே இல்ல! அந்த ரோட்டுல டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டு, பிள்ளைக்கு ஊட்டி, கையும் கழுவி முடிச்சிருப்போம், முன்னாடி நிக்கிற லாரி மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும்.

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்தி. நானும் என் பொண்ணும் வண்டியில. அவளுக்கு 15 வயசு. பாலம் தாண்டி, ஹார்லம் ஆறு தாண்டி, அந்த ரோடுங்க எல்லாம் பின்னிக்கிட்டு நிக்கிற இடத்துல மாட்டிக்கிட்டோம். நாப்பது நிமிஷம். காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு, இடது பக்கம் கையைக் காட்டி, "அம்மா, அந்த வீடு!"ன்னா. நான் பதறிப்போய்ப் பாக்குறேன். "எந்த வீடுடி? நமக்கு பிராங்க்ஸ்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையே?" "இல்லம்மா, அதோ, உசரமா ஒரு அடுக்குமாடி தெரியுதுல்ல? அதுதான் 1520 செட்ஜ்விக் அவென்யூ. அங்கதான் ஹிப்ஹாப் பொறந்துச்சு."

இங்க உக்காந்திருக்கிற நீங்க எல்லாரும் அந்த வீட்டைப் பாத்திருக்கீங்க. பிள்ளையாரைப் பாக்கப் போற வழியில நூறு தடவை பாத்திருக்கீங்க. அது இன்ன வீடுன்னு தெரியாம பாத்திருக்கீங்க.

அந்த வீட்டுல என்ன நடந்துச்சு? 1973, ஆகஸ்ட் 11. சிண்டி கேம்பல்னு ஒரு பொண்ணு. ஜமைக்காவுல இருந்து வந்து அந்தக் கட்டடத்துல வாடகைக்குக் குடியிருந்த குடும்பம். செப்டம்பர் வந்தா பள்ளிக்கூடம் திறக்கும். புதுத்துணி வேணும். அதுவும் சும்மா இல்ல, டெலன்சி தெருவுல போய் வாங்கணும்னு ஆசை. நம்ம ஊர்ல ஜூன் மாசம் வந்தா புது யூனிஃபார்ம், புதுப் பை, புதுச் செருப்புன்னு அழுத பிள்ளைங்கதானே நாம? அப்பா கையில காசு இருந்தா துணி வரும். இல்லாட்டி போன வருஷப் பாவாடையோட மடிப்பைப் பிரிச்சு விட்டு அம்மா தைச்சுக் குடுப்பாங்க. சிண்டி அழல. கட்டடத்துல கீழ்த்தளத்துல ஒரு பொது அறை. அங்க ஒரு பார்ட்டி வைக்கலாம், டிக்கெட் போட்டு வசூல் பண்ணலாம்னு முடிவு பண்ணினா. கோடு போட்ட சின்ன அட்டையை எடுத்து, கையாலயே எழுதி, அக்கம்பக்கத்துல குடுத்தாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட். பசங்களுக்கு 50 சென்ட்.

நடுவர் ஐயா, கல்லாப் பெட்டி பத்திப் பேசுற அணி இதைக் குறிச்சுக்கணும். ஹிப்ஹாப்போட முதல் கல்லா இதுதான். பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். எதுக்கு? ஒரு வாடகை வீட்டுப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி போட்டுட்டுப் போறதுக்கு!

பாட்டு போட்டது அவ அண்ணன் கிளைவ். 18 வயசு. ஊரே கூல் ஹெர்க்னு கூப்பிட்ட ஆளு. அவன் ஒண்ணைக் கவனிச்சு வச்சிருந்தான். பாட்டுல பாடகர் நிறுத்திட்டு, மத்த வாத்தியம் எல்லாம் அடங்கி, டிரம்ஸ் மட்டும் தனியா வாசிக்கிற ஒரு இடம் வரும். சில விநாடிதான். ஆடுறவங்க அந்த இடத்துக்காகவே காத்துக்கிட்டு இருக்காங்க. அப்ப அந்தச் சில விநாடியை நீட்டினா என்ன? இசைத்தட்டு சுத்துற மெஷின் ரெண்டு. ரெண்டுலயும் ஒரே பாட்டோட இசைத்தட்டு. ஒண்ணுல அந்த இடம் முடியுறப்ப, அடுத்ததுல அதே இடத்துல ஊசியை வைக்கிறது. இது முடிஞ்சா அது, அது முடிஞ்சா இது. சில விநாடி டிரம்ஸ் அஞ்சு நிமிஷமாச்சு. அது மேல மைக்கைப் பிடிச்சு, தாளத்துக்கு நாலு வார்த்தை பேசுனாங்க. அதுதான் ராப். இன்னைக்கு உலகத்துல எந்த மூலையில ராப் கேட்டாலும், அந்தக் கீழ்த்தளத்து அறையோட துடிப்புதான் அடியில கேக்குது.

இப்ப அந்த ரோட்டைப் பாருங்க, நாம நாப்பது நிமிஷம் மாட்டிக்கிட்டு இருந்த ரோடு. ராபர்ட் மோசஸ்னு ஒரு அதிகாரி. வரைபடத்துல கோடு கிழிச்சாரு. கோட்டுக்கு அடியில வீடுங்க இருந்துச்சு. ஈஸ்ட் ட்ரெமான்ட்டுங்கிற பகுதியில ஒரே ஒரு மைலுக்கு மட்டும் 1,530 வீடுகள் போச்சு. ஒரு மைல்! அங்க குடியிருந்தவங்க சிதறிப் போனாங்க. அதுக்கப்புறம் எழுபதுகள்ல, வாடகையை விட இன்ஷூரன்ஸ் பணம் லாபம்னு சொந்தக் கட்டடத்துக்கே ஆள் வச்சுத் தீ வச்ச உரிமையாளருங்க இருந்தாங்க. தெரு தெருவா எரிஞ்சுச்சு. அந்தச் சாம்பல்ல வளர்ந்த பிள்ளைங்க மைக் பிடிச்சாங்க. அண்ணே, வாடகை பாக்கின்னு சொன்னீங்களே. பாக்கி வச்சது யாரு? வீட்டை இடிச்சவன் எவ்வளவு பாக்கி? கொளுத்துனவன் எவ்வளவு பாக்கி?

நான் மதுரையில வளவு வீட்டுல வளர்ந்தவ. அஞ்சு குடித்தனம், ஒரு குழாய். ஒண்ணாந்தேதி வந்தா எங்கம்மா குரல் இறங்கிரும். வீட்டுக்காரங்க படியேறி வர்ற செருப்புச் சத்தம் எங்களுக்கு மனப்பாடம். வாடகை பாக்கின்னா என்னன்னு சிரிக்கிறவங்களுக்குத் தெரியாது. அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும். அதனாலதான் அண்ணன் சொன்னப்ப என்னால கை தட்ட முடியல.

இந்த வாடகைக் கதை அங்கயே முடியல. 2007. அதே 1520 செட்ஜ்விக். குறைஞ்ச வாடகைத் திட்டத்துல இருந்து கட்டடத்தை வெளிய எடுத்துரலாம்னு உரிமையாளர் தரப்பு முடிவு பண்ணுது. எடுத்துட்டா வாடகை ஏறும், அங்க இருக்கிற ஏழை எளியவங்க கிளம்ப வேண்டியதுதான். குடியிருந்தவங்க சங்கம் கூடுனாங்க. அவங்க கூட வந்து நின்னது யாரு தெரியுமா? முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி அங்க பாட்டு போட்ட அதே ஹெர்க். 'இது ஹிப்ஹாப் பொறந்த வீடு, இதுல கை வைக்காதீங்க'ன்னு கேட்டாங்க. நியூயார்க் மாநிலம் அதே வருஷம் அந்த வீட்டை ஹிப்ஹாப்போட பிறப்பிடம்னு அங்கீகரிச்சுச்சு. சில வருஷம் இழுபறி. கடைசியில நகர நிர்வாகமும் கை குடுத்து, அது குறைஞ்ச வாடகை வீடாவே தங்குச்சு.

வாடகை பாக்கிக்காரன் புலம்பல்னு சொன்னீங்களே அண்ணே. அந்தப் புலம்பல் நூறு வாடகைக் குடும்பத்தைத் தெருவுக்கு வராம காப்பாத்தியிருக்கு!

நல்லா தட்டுங்க. இது அந்தக் குடும்பங்களுக்கான கைத்தட்டல்.

சரி, 'அது பார்ட்டிதானே, அரசியல் எங்க வந்துச்சு?'ன்னு எதிரணி கேக்கும். வந்துச்சு. அதுவும் நம்ம ஊருக்கே வந்துச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்கிள்வுட். ரூட் 4-ல கடைக்குப் போறப்ப தாண்டிப் போற எங்கிள்வுட்தான். அங்க சில்வியா ராபின்சன்னு ஒரு அம்மா, தானே பாடகி, 1979-ல ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ராப் பாட ஆள் தேடி அலைஞ்சவங்க, எங்கிள்வுட்ல பீட்ஸா கடையில வேலை பாத்த ஒரு பையன் பாடுறதைக் கேட்டு, கார்லயே உக்கார வச்சுப் பாடச் சொல்லித் தேர்வு பண்ணினாங்க. அப்ப வந்த முதல் பெரிய ராப் பாட்டு முழுக்க முழுக்கக் கொண்டாட்டம். அதுல தப்பே இல்ல.

மூணு வருஷம் கழிச்சு, 1982. அந்தக் கம்பெனியில தாளவாத்தியம் வாசிக்கிற எட் ஃப்ளெட்சர்னு ஒருத்தர், மேடைப் பேரு ட்யூக் பூட்டி, நம்ம நியூஜெர்சி எலிசபெத் ஊர்க்காரர், ஒரு பாட்டு எழுதிக்கிட்டு வர்றாரு. பாட்டு மெதுவா போகுது. ஆட்டம் போடுற வேகம் இல்ல. உள்ள என்ன இருக்கு? தெரு முழுக்க உடைஞ்ச கண்ணாடி. வீட்டுல முன்னாடி எலி, பின்னாடி கரப்பான். தவணை கட்டாத காரை இழுத்துட்டுப் போயிட்டாங்க. கடன் வசூல்காரன் போன் பண்ணி வீட்டுக்காரியை மிரட்டுறான். அண்ணன் சொன்னாருல்ல, கடன், வாடகைன்னு? இந்தப் பாட்டுதான் அது. 'தி மெசேஜ்'. அண்ணன் கேலி பண்ணினது இதைத்தான்னு அண்ணனுக்கே தெரியுமோ என்னவோ!

சில்வியா அம்மா இந்தப் பாட்டை இசைத்தட்டு சுழட்டுறதுல பேர் போன கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷோட ராப் குழுகிட்ட கொண்டு போறாங்க. அவங்க கேட்டாங்க. கேட்டுட்டு என்ன பண்ணினாங்க? சிரிச்சாங்க ஐயா, சிரிச்சாங்க! "சனிக்கிழமை ராத்திரி கஷ்டத்தை மறந்து ஆட வர்றவன்கிட்ட, அவன் வீட்டு எலியைப் பத்தியா பாடுறது? எவன் கேப்பான்?" இதுதான் அவங்க கேள்வி. பாட மாட்டோம்னுட்டாங்க. அந்த அம்மா விடல. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. கடைசியில குழுவுல ஒரே ஒருத்தன் இறங்கி வந்தான். மெல்லி மெல். அவனும் எழுதுன ட்யூக் பூட்டியும் பாடினாங்க. பாட்டு ஏழு நிமிஷம். இசைத்தட்டு மேல பெரிய எழுத்துல குழுவோட பேரு, கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்டு தி ஃப்யூரியஸ் ஃபைவ். ஆனா அந்த ஃப்ளாஷோட கை அந்தப் பாட்டுல இசைத்தட்டைத் தொடவே இல்ல!

இதை இன்னொரு தடவை சொல்றேன், மனசுல நிக்கணும். அந்தக் குழு பாட மாட்டேன்னு சிரிச்ச பாட்டு. குழுவுல ஒருத்தன் மட்டும் பாடின பாட்டு. ஆட முடியாதுன்னு ஒதுக்குன பாட்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள்னு ஒரு பட்டியல் வச்சிருக்கே, 2002-ல போட்ட முதல் பட்டியல்லயே இடம்பிடிச்ச ஒரே ஹிப்ஹாப் பாட்டு எது? சிரிச்சாங்களே, அந்தப் பாட்டு! எழுதுன ட்யூக் பூட்டி பின்னாடி என்ன ஆனாரு? வாத்தியாரானாரு. பள்ளிக்கூடத்துல, கல்லூரியில பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாரு. கல்லாப் பெட்டிதான் குறின்னா அவரு எதுக்குய்யா சாக்பீஸைக் கையில எடுத்தாரு?

அந்த ஏழு நிமிஷம் என்ன மாத்துச்சு? ஆடுற கூட்டம் கேக்கவும் செய்யும்னு பாட்டு வியாபாரத்துக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் பப்ளிக் எனிமிங்கிற ராப் குழு. 1989-ல அவங்க பாட்டு ஒண்ணு ஒரு சினிமா முழுக்க ரேடியோவுல திரும்பத் திரும்ப ஒலிச்சு, ஒரு கோடைக்காலத்துக்கே கீதமாச்சு. அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல காம்ப்டன் ஊர்ப் பசங்க, என்.டபிள்யூ.ஏ.ங்கிற குழு. போலீஸ் அடிச்ச அடியைப் பத்தி அவங்க பாடின பாட்டுக்காக எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் அவங்க கம்பெனிக்குக் கடிதமே எழுதினாரு. ஒரு பாட்டுக்கு! ரெண்டு வருஷம் கழிச்சு, 1991 மார்ச்ல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல ராட்னி கிங்னு ஒரு கறுப்பினத்தவரைப் போலீஸ் சுத்தி நின்னு அடிச்சதை ஒருத்தர் வீடியோ எடுத்தப்பதான் அந்தப் பசங்க பாடினது என்னன்னு ஊருக்கே புரிஞ்சுச்சு. 2010 கடைசியில துனிசியாவுல எல் ஜெனரல்னு ஒரு பையன் ஜனாதிபதியையே கூப்பிட்டுப் பாடினான். 2011 ஜனவரியில அவனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. அதே மாசம் 14-ம் தேதி ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினாரு. பாட்டுதான் துரத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். துரத்துன கூட்டத்தோட வாயில அந்தப் பாட்டு இருந்துச்சு. 2018-ல ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு. அதுவரைக்கும் செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே குடுத்த பரிசு அது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2015-ல, கிளீவ்லண்ட்ல 14 வயசுப் பையன் ஒருத்தனைப் போலீஸ் பிடிச்சப்ப கூட்டம் கூடி மறிச்சுது. பையனை அம்மாகிட்ட ஒப்படைச்ச பிறகு அந்தக் கூட்டம் பாடுனதும் கென்ட்ரிக் பாட்டைத்தான்.

ஐயா மணியில கை வைக்கிறாரு. ஐயா, எதிரணிக்கு ரெண்டு நிமிஷம் கூடவே குடுத்தீங்க, நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

அண்ணன் சொன்னதுல ஒண்ணு உண்மை. ராப்ல பொண்ணுங்களைக் கேவலமா பேசுற பாட்டு உண்டு. எனக்கும் பொண்ணு இருக்கா. வண்டியில அப்படி ஒரு பாட்டு வந்தா நான் நிறுத்திருவேன். எஃப்.பி.ஐ. கடிதம் வாங்குன அந்தப் பசங்க பாட்டுலயே அப்படி வரிகள் இருக்கு. எந்த மேடையிலயும் அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அதுக்குப் பதில் சொன்னது யாரு? வெளியில இருந்து வந்தவங்க இல்ல. நாம விமானம் ஏறப் போற நியூவார்க், அங்க பொறந்த ராப் பாடகி குயீன் லத்தீஃபா. 1993-ல 'யூனிட்டி'ன்னு ஒரு பாட்டு. தெருவுல கை வச்சவனை, வீட்டுல அடிச்சவனை நேருக்கு நேரா நிறுத்திக் கேட்டாங்க. அதுக்குக் கிராமி விருது கிடைச்சுது. கலகக் குரல்னா அது ஊரை மட்டும் இல்ல, தன் வீட்டையும் கேக்கும்.

இப்ப கல்லாப் பெட்டிக்கு வர்றேன். "கேட்டுப் பாருங்க, பாட்டுக்குள்ளேயே கல்லாப் பெட்டிச் சத்தம்தான் கேக்குது"ன்னு அண்ணன் முடிச்சாரு. அண்ணே, நிஜமாவே ஒரு பாட்டுக்குள்ள கல்லாப் பெட்டிச் சத்தம் கேக்குது. அந்தப் பாட்டு யாரோடது தெரியுமா? நம்ம பொண்ணோடது. மாதங்கி அருள்பிரகாசம். உலகம் எம்.ஐ.ஏ.ன்னு கூப்பிடுற பொண்ணு. லண்டன்ல பொறந்து, கைக்குழந்தையா ஈழத்துக்குப் போய், போர் துரத்தி மறுபடி லண்டனுக்கு அகதியா வந்த பொண்ணு. 2007-ல அவங்க போட்ட ஆல்பத்துக்குப் பேரே 'கலா'. அது அவங்க அம்மா பேரு. அதுல 'பேப்பர் பிளேன்ஸ்'னு ஒரு பாட்டு. அமெரிக்க விசாவுக்கு இழுத்தடிச்ச காலத்துல வந்த பாட்டு. அதோட பல்லவியில துப்பாக்கிச் சத்தம், அடுத்து கல்லாப் பெட்டி திறக்குற சத்தம். ஏன்? 'குடியேறி வர்றவன் எதுக்கு வர்றான், நம்ம பணத்தை எடுக்கத்தானே'ன்னு பாக்குற பார்வை இருக்கே, விமான நிலையத்துல பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குற அந்தப் பார்வை, நாம எல்லாரும் அனுபவிச்ச பார்வை, அதையே பிடிச்சு அவன் காதுலயே அடிக்கிற சத்தம் அது. நீங்க கேட்டது கல்லாப் பெட்டி. அவ அடிச்சது கலகம்!

அந்தப் பாட்டு 2009-ல கிராமியோட 'ஆண்டின் சிறந்த பதிவு' பிரிவுல போட்டிக்குப் போச்சு. பிப்ரவரி 8. லாஸ் ஏஞ்சல்ஸ் மேடை. ராப் உலகத்துல பெரிய தலைங்க நாலு பேரு ஆம்பளைங்க. நடுவுல நம்ம பொண்ணு. நிறைமாசம். டாக்டர் குறிச்சுக் குடுத்த தேதியே அன்னைக்குத்தான். வயித்தைத் தள்ளிக்கிட்டு ஆடினா, பாடினா. மூணாவது நாள் பிள்ளை பொறந்துச்சு. அந்த பிப்ரவரியில வன்னியில நம்ம சனம் எந்த நிலையில இருந்துச்சுன்னு இந்த அரங்கத்துல நான் சொல்ல வேண்டியதில்ல. மூணாவது வரிசையில உக்காந்திருக்கிற அக்கா தலையைக் குனிஞ்சுட்டாங்க. மன்னிச்சுக்கங்க அக்கா. உலகத்துல முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் போர் நடக்குறதே தெரியாதப்ப, அமெரிக்கத் தொலைக்காட்சியில உக்காந்து அதைச் சொன்னது இந்த ராப் பாடுற பொண்ணுதான்.

நிறைமாசம்னு சொன்னதும் எனக்கு இன்னொரு தாய் ஞாபகம் வர்றா. அதைச் சொல்லிட்டு இறங்கிர்றேன் ஐயா.

1971. நியூயார்க். அஃபெனி ஷகூர். 24 வயசு. கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்துக்காரி. கடைகள்ல, போலீஸ் நிலையங்கள்ல குண்டு வைக்கச் சதி பண்ணினதா 21 பேர் மேல வழக்கு, அதுல இவளும் ஒருத்தி. தண்டனை கிடைச்சா ஆயுசுக்கும் ஜெயில். ஜாமீன்ல வெளிய இருந்தவளை மறுபடி உள்ள தள்ளுறாங்க. வயித்துல பிள்ளை. கிரீனிச் வில்லேஜ்ல இருந்த பெண்கள் சிறை. அந்தச் சிறை இப்ப இல்ல, இடிச்சுட்டாங்க, அந்த இடத்துல பூந்தோட்டம் இருக்கு. போனா பாருங்க. அங்க உள்ள இருந்துக்கிட்டு, வக்கீல் வேண்டாம், என் வழக்கை நானே வாதாடுறேன்னா. சட்டம் படிச்சவ இல்ல. எதிர்ல அரசாங்க வழக்கறிஞருங்க, வேவு பாத்த போலீஸ்காரங்க. கூண்டுல நின்ன போலீஸ்காரனை இந்தப் பிள்ளைத்தாச்சி எழுந்து நின்னு குறுக்கு விசாரணை பண்ணினா.

அந்தச் சிறையில அவளுக்குச் சாப்பாடு எப்படி? பின்னாடி அவளே சொன்னா. தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அதுக்குக் கூட கோர்ட்டுல உத்தரவு வாங்க வேண்டியிருந்துச்சுன்னு. நம்ம வீட்டுல ஒரு பொண்ணு உண்டானா என்ன பண்ணுவோம்? மாமியார் ஒரு பக்கம் குங்குமப்பூ, அம்மா ஒரு பக்கம் மாம்பழம், பக்கத்து வீட்டுக்காரி புளிச்ச மாங்காய். ஏழாம் மாசம் வளைகாப்பு, அஞ்சு வகைச் சோறு. அங்க ஒரு முட்டைக்கு ஒரு நீதிபதி கையெழுத்து.

மே 13. தீர்ப்பு. விசாரணைக்கு நின்ன 13 பேரும் எல்லாக் குற்றச்சாட்டுல இருந்தும் விடுதலை. 156 குற்றச்சாட்டு. ஒண்ணு கூட நிக்கல. ஒரு மாசம் கழிச்சு, ஜூன் 16, பிள்ளை பொறந்தான். பின்னாடி உலகமே கேட்ட ராப் பாடகன், டூபாக்.

அந்த அம்மா வாழ்க்கை அதுக்கப்புறம் நேரா போகல. வறுமை. வீடு மாறி வீடு. போதைப் பழக்கம். பிள்ளை கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனான். அதே பிள்ளை 1995-ல 'டியர் மாமா'ன்னு பாடினான். அம்மா போதைக்கு அடிமையா இருந்ததையும் மறைக்கல, இல்லாத வீட்டுலயும் சோறு பொங்கிப் போட்டதையும் மறக்கல. ரெண்டையும் சொல்லி, நன்றின்னு பாடினான். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலிச்சப்ப அவன் ஜெயில்ல இருந்தான். மறு வருஷம் செப்டம்பர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. 25 வயசு. அந்தத் தாய் அதுக்கப்புறம் இருபது வருஷம் இருந்தா, அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டு.

அன்னைக்குப் பிள்ளையார் கோயில்ல இருந்து திரும்புறப்ப இருட்டிருச்சு. கிராஸ் பிராங்க்ஸ்ல மறுபடியும் வண்டி நிக்குது. என் பொண்ணு காதுல மாட்டியிருந்ததை எடுத்துட்டு, எனக்கும் கேக்கட்டும்னு வண்டியிலயே அந்தப் பாட்டைப் போட்டா. கோர்ட்டு, சிறை, முட்டை எல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லிட்டு, வெளிய அந்த வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா. "அம்மா, அந்த முட்டை அந்த அம்மாவுக்கு இல்லல்ல? டூபாக்குக்குத்தானே?"

நான் பதில் சொல்லல. முன்னாடி லாரி நகர்ந்துச்சு, நானும் நகர்த்துனேன்.

மறுநாள் காலையில அவ டிபன் டப்பாவுல வழக்கம் போல அவிச்ச முட்டை வச்சேன். ரெண்டு வருஷமா வேண்டாம் வேண்டாம்னு திருப்பிக் கொண்டு வர்ற முட்டை. அன்னைக்குச் சாயங்காலம் டப்பாவைத் திறக்குறேன். காலியா இருந்துச்சு.

நன்றி. வணக்கம்.